மழையில் கரைந்த காற்புள்ளி

நவம்பர் பிறந்துவிட்டால் மெர்சிங்கின் முகமே மாறிவிடும். மற்ற மாதங்களில் தியோமான் தீவுக்குப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓயாது போய்வரும் படகுகளிற் பல, ஆற்றின் முகத்துவாரத்தில் கட்டுண்டு கிடக்கும். தென்சீனக் கடலைத் தாண்டி வரும் வடகிழக்குப் பருவக்காற்று, ஜொகூரின் கிழக்குக் கரை முழுவதையும் நனைத்துவிட்டுத்தான் அடங்கும். சுவரில் ஈரம், துணியில் ஈரம், புத்தக அலமாரியைத் திறந்தால் அங்கேயும் ஈரத்தின் வாடை. மீனவர்க்கு அது வருவாய் இல்லாத காலம். பழைய ஏடுகளை வைத்துக் காப்பவர்க்கோ உறக்கம் இல்லாத காலம்.

அத்தகைய ஒரு மழைநாளில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தம் வீட்டு அலமாரியின் மேல்தட்டிலிருந்து பிஸ்கட் தகரப்பெட்டி ஒன்றை இறக்கினார். அதனுள் இருந்தது அவருடைய தந்தையாரின் பாட்டு நோட்டு. தந்தையார் ரப்பர்த் தோட்டத்துப் பால்மரத் தொழிலாளி. விடியலில் மரம் சீவுவார். வெள்ளிக்கிழமை மாலைகளில் தோட்டத்துக் கோயிலில் ஆர்மோனியத்தின் முன் அமர்ந்து பஜனையை நடத்துவார். திருவிழாவுக்கு வந்து தங்கிய நாகசுரக்காரர் ஒருவரிடம் சுரம் எழுதக் கற்றுக்கொண்டு, தாம் அறிந்த பாடல்கள் நாற்பத்து மூன்றையும் அந்த நோட்டில் எழுதிவைத்தார். எழுதியது, ஈரம் பட்டால் ஊதா நிறமாகக் கசியும் அந்தக் காலத்துப் பென்சிலால். அன்று பெட்டியைத் திறந்து பார்த்தபோது, மூடியின் துருப்பிடித்த ஓட்டை வழியே இறங்கிய நீர், நோட்டின் பின்பாதியில் ஊதாக் குளங்களை உண்டாக்கியிருந்தது. முப்பத்தெட்டாம் பாடலுக்குப் பின் வந்த பக்கங்களில் எழுத்து எது, கறை எது என்று பிரித்தறிவது அரிதாயிற்று.

அந்த நோட்டை அச்சேற்ற அவர் முன்பே ஒருமுறை முயன்றதுண்டு. பணியில் இருந்த காலத்தில், பாடல் போட்டிக்காக ஒரு பாடலைக் கணினியில் தட்டினார். மேல்வரியில் சுரம்; அதன்கீழ்ச் சாகித்தியம்; எந்தச் சுரத்தின்கீழ் எந்த எழுத்து வரவேண்டுமோ, அங்கே அது நிற்கும் வரையில் இடைவெளிப் பொத்தானை அழுத்திக்கொண்டே போனார். திரையில் எல்லாம் ஒழுங்காக நின்றன. அச்சிட்டுக் கொடுத்த கடையிலோ அவருடைய எழுத்துரு இல்லை. வேறோர் எழுத்துருவில் அச்சாயிற்று. சாகித்திய வரி முழுவதும் ஒரு சுரம் வலப்புறம் நகர்ந்துவிட்டது. தாளைப் பார்த்து மனனம் செய்த பிள்ளைகள் ‘மலை’ என்ற சொல்லின் முதலெழுத்தை இரண்டு அட்சரத்துக்கு நீட்டினார்கள். மலை, மேடையில் மாலை ஆயிற்று. அதைக் கேட்டு முகஞ்சுளித்தவர் அவையில் அவர் ஒருவரே. பிள்ளைகளுக்குப் பரிசும் கிடைத்தது. ஆனால் அதன்பிறகு அவர் அந்த நோட்டைத் தட்டச்சு செய்யத் துணியவில்லை.

குறில் நெடிலாவது சிறு பிழை அன்று. தமிழை மேடையில் கேட்டறியும் தலைமுறைக்கு, பாட்டே இலக்கணம். மலையும் மாலையும் ஒன்றாகிவிட்ட காதுக்குப் பிறகு கரும்பலகையில் மாத்திரை கற்பித்து என்ன பயன்?

நோட்டு நனைந்த அந்த விடுமுறையில்தான், ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயிலும் பேத்தி வீட்டுக்கு வந்தாள். நோட்டின் நிலையைப் பார்த்தவள் முதலில் எல்லாப் பக்கங்களையும் கைத்தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டாள். பிறகு, “தாத்தா, இதை நான் தட்டித் தருகிறேன். இடைவெளிப் பொத்தானைத் தொடவே மாட்டேன்” என்றாள்.

அவள் பயிற்சிக் கழகத்துப் பாடகர் குழுவில் தாழ்குரல் பாடுபவள். அக்குழு 16-ஆம் நூற்றாண்டின் பல்குரற் பாடல்களையும் எடுத்துப் பாடும். அவற்றின் தாள்களை ஆயத்தம் செய்யும்போது அவள் கற்றது லில்லிபாண்ட் என்னும் மென்பொருள். நெதர்லாந்தைச் சேர்ந்த ஹான்-வென் நின்ஹாய்ஸ், யான் நியூவன்ஹாய்சன் என்னும் இருவர் 1996-இல் தொடங்கியது அது, விலையின்றிக் கிடைப்பது. முற்காலத்தில் உலோகத் தகட்டில் கையாற் செதுக்கி அச்சிட்ட இசையேடுகளின் அழகைக் கணினியிலும் கொண்டுவர வேண்டும் என்பதே அவர்கள் கொண்ட நோக்கம். திரையில் கோட்டையும் புள்ளியையும் இழுத்துப் பொருத்தும் வேலை அதில் இல்லை. கடிதம் தட்டுவதுபோல வெறும் எழுத்துகளையே தட்டவேண்டும். ஸி, டி, இ என்பன போன்ற எழுத்துகள் சுரங்கள். எழுத்தின் பின் 4 என்று இட்டால் முழுச்சுரத்தின் காற்பங்கு. 8 என்றால் அரைக்கால். 16 என்றால் மாகாணி. எண்சுவடி படித்த அந்த முதியவர்க்கு இது கேட்ட மாத்திரத்தில் பிடித்துப்போயிற்று. கால், அரைக்கால், மாகாணி என்று விரல்விட்டுச் சொல்லிப்பார்த்து, “நம் கீழ்வாயிலக்கத்தை வெள்ளைக்காரன் பாட்டிலே வைத்துக்கொண்டிருக்கிறானா!” என்று வியந்தார்.

எழுத்துகளை எல்லாம் தட்டி முடித்தபின் மென்பொருள் அவற்றைப் படித்து, ஐந்துகோட்டுக் குறியீட்டில் பக்கத்தை வரைந்து தருகிறது. சாகித்தியத்தை வேறொரு பகுதியில் தனியாக எழுதவேண்டும். எந்த எழுத்து எந்தச் சுரத்தின்கீழ் நிற்பது என்பதைக் கண்ணளவால் தீர்மானிப்பதில்லை, காலத்தால் தீர்மானிப்பது. எழுத்துருவை மாற்றினாலும், தாளின் அகலத்தைக் குறைத்தாலும், முதற்சுரத்தின்கீழ் முதலெழுத்து நிற்கும். பிள்ளைகளின் குரலுக்கு ஏற்பச் சுருதியை உயர்த்தவேண்டுமானால் ஒரு வரியை மாற்றினாற் போதும். பாடல் முழுவதும் சுருதி மாறி வந்து நிற்கும். இடைவெளிப் பொத்தானால் நொந்துபோன ஒருவர்க்கு இவை எத்தகைய ஆறுதல் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ஆனால் ஒன்று: மென்பொருளுக்குத் தமிழ் தெரியாது. சொல்லை எங்கே பிரிப்பது என்பதைத் தட்டுபவரே சிறுகோடு இட்டுக் காட்டவேண்டும். பேத்தி, தான் கற்ற யாப்பின்படி அசை பிரித்தாள். ‘பாடல்’ என்பது பா, டல் என்று நேராக வந்தது. ‘தமிழ்’ என்பதை நிரையசை என்று ஒன்றாகவே விட்டுவிட்டாள். அப்பாட்டிலோ ‘த’வுக்கு ஒரு சுரமும் ‘மிழ்’ என்பதற்கு ஒரு சுரமும் இருந்தன. ஓர் அசை குறைந்ததால் பின்வந்தவை எல்லாம் ஒவ்வொன்றாக முன்னே நகர்ந்தன. முதியவர் சிரித்தார். “யாப்புக்கு நிரை ஓர் அசை, பாட்டுக்கு அது இரண்டு அடி. இதைத்தான் முப்பது ஆண்டு வகுப்பிலே சொல்ல மறந்துவிட்டேன்” என்றார். அன்று மாலை, பாடலின் நிரையசைகளை எல்லாம் அவரே சிவப்பு மையால் இரண்டாகப் பிளந்து கொடுத்தார்.

அடுத்து வந்த இடர் இன்னும் வேடிக்கையானது. நம் சுர எழுத்து, மாத்திரைக் கணக்கை அப்படியே ஏற்றது. குறிலாக ‘ச’ என்று எழுதினால் ஒன்று. நெடிலாகச் ‘சா’ என்றால் இரண்டு. அதற்கும் மேல் நீளவேண்டுமானால், ஒரு மாத்திரைக்குக் காற்புள்ளியும் இரண்டு மாத்திரைக்கு அரைப்புள்ளியும் இடுவது வழக்கம். நிறுத்தக்குறிகளுக்குப் பள்ளியில் நாம் கற்பிக்கும் கணக்கும் இதுவே அன்றோ? லில்லிபாண்டிலோ காற்புள்ளிக்குப் பொருள் வேறு. அங்கே அது சுரத்தை ஒரு ஸ்தாயி கீழே இறக்கும் குறி. இதை நன்கறிந்திருந்தும், பேத்தி முதல்நாள் அயர்வில், கொள்ளுத்தாத்தா இட்ட காற்புள்ளிகளை அப்படியே தட்டிவிட்டாள். பாடல் ஒவ்வொரு கார்வையிலும் ஒரு ஸ்தாயி இறங்கி, நான்காம் வரியில் ஐந்துகோட்டின் அடியைக் கிழித்துக்கொண்டு பக்கத்தின் கீழே போய்விட்டது. “தென்சீனக் கடலின் தரைக்கே போய்விட்டது, தாத்தா” என்று அவள் சொல்ல, இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள்.

புள்ளிகளிடத்தும் இதுபோன்ற வழக்கு உண்டு. மேல்ஸ்தாயியைக் காட்ட எழுத்தின்மேல் புள்ளி வைப்பது நம் முறை. தமிழிலோ மேற்புள்ளி மெய்யின் அடையாளம். தந்தையார் எழுதிய மேல்ஸ்தாயிச் சட்சத்தை, அறியாதவர் ‘ச்’ என்றே படிப்பர். வடமொழியும் தெலுங்கும் அறியாத இந்தச் சங்கடம் தமிழெழுத்துக்கே உரியது.

எழுத்தால் இசையைப் பிடித்துவைக்கும் முயற்சி தமிழ்நாட்டில் நேற்றுத் தோன்றியதன்று. ஈரோடு மாவட்டத்து அறச்சலூரில், ஒரு குன்றின் குகையில், ஐந்து வரியில் வரிக்கு ஐந்தாக ஆடல் தாளத்து எழுத்துகள் வெட்டப்பட்டுள்ளன. இடமிருந்து வலமாகப் படித்தாலும், மேலிருந்து கீழாகப் படித்தாலும் ஒரே வரிசை வரும் அமைப்பு அது. கி.பி. முதல் சில நூற்றாண்டுகளைச் சேர்ந்த அந்தக் கல்வெட்டில், அதை அமைத்தவன் பெயரும் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. எழுத்தின்கீழ் எழுத்து பிசகாமல் நிற்கவேண்டும் என்ற கவலை அந்தச் சாத்தனுக்கும் இருந்தது! புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலையிலோ 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரந்த எழுத்தில், நந்நான்காகத் தொகுத்த சுரங்கள் ஏழு பகுதிகளாகப் பாறையில் நிறைந்திருக்கின்றன. சுரத்தின் மெய்யோடு அ, இ, உ, எ என்னும் உயிர்கள் மாறிமாறிச் சேர்கின்றன. அந்த உயிர்மாற்றம் எதைக் குறித்தது என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒருப்படவில்லை. உருத்திராசாரியரின் மாணவனான ஓர் அரசன் மாணாக்கர் நலம் கருதி இதை ஆக்கினான் என்ற செய்தி மட்டும் ஐயமின்றி அங்கே இருக்கிறது. மாணாக்கர்க்காக எழுதிய பாடநூல் கல்லில் அழியாமல் நிற்கிறது. அதைப் பாடிக்காட்டிய குரல் மறைந்ததால் பாடம் புரியாமல் நிற்கிறது.

மேலைநாட்டார் பல்குரலிசையில் பட்ட பாடும் இதற்குக் குறைந்ததன்று. நான்கு அல்லது ஐந்து குரல்கள் ஒரே சமயத்தில் வெவ்வேறு வரிகளைப் பாடுவது அவ்விசை. 1501-இல் வெனிஸ் நகரத்துப் பெத்ருச்சி அத்தகைய பாடல்களை அச்சிட்டபோது, ஒரே தாளைக் கோட்டுக்கு ஒருமுறையும் சுரத்துக்கு ஒருமுறையுமாகத் திரும்பத் திரும்ப அச்சுப்பொறியில் இடவேண்டியிருந்தது. தாள் மயிரிழை நகர்ந்தாலும் சுரம் மாறிவிடும். 1528-ஐ ஒட்டிப் பாரிஸ் நகரத்து அத்தெஞ்ஞான், ஒவ்வொரு சுர அச்செழுத்திலும் கோட்டின் துண்டையும் சேர்த்தே வார்த்து, ஒரே தடவையில் அச்சிடும் வழியைப் பரப்பினார். மெர்சிங் ஆசிரியர் அச்சுக்கடையில் பட்ட துன்பத்தை அவர்கள் நானூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்பே பட்டிருந்தார்கள்.

அந்நாளில் பெரும்பாலும் எல்லாக் குரல்களையும் ஒரே பக்கத்தில் அடுக்கி அச்சிடவில்லை. குரலுக்கு ஓர் ஏடாகத் தனித்தனியே கொடுத்தார்கள். தாளத்தைப் பிரித்துக்காட்டும் குறுக்குக்கோடும் இல்லை. தன் வரியைப் பாடுபவன் பிறர் வரியைக் காணமாட்டான். காதால் கேட்டே சேர்ந்துகொள்ளவேண்டும். ஓர் ஏடு தொலைந்தால் அந்தக் குரல் தொலைந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் உள்ள பால்ட்வின் ஏடுகள் ஆறாக இருந்தவை; டெனர் என்னும் குரலுக்குரிய ஏடு மறைந்து இன்று ஐந்தே எஞ்சியிருக்கின்றன. அவற்றை மட்டுமே நம்பியிருக்கும் பாடல்களுக்கு, மற்றக் குரல்கள் போகும் போக்கைப் பார்த்து விடுபட்ட குரலை அறிஞர்கள் ஊகித்து எழுதுகிறார்கள். லில்லிபாண்டிலும் ஒவ்வொரு குரலையும் தனித்தனியே பெயரிட்டு எழுதி, கடைசியில்தான் ஒருங்கே பொருத்துகிறார்கள் என்பது கருதத்தக்கது. பழைய ஏட்டின் தோற்றம் வேண்டுவோர்க்குக் குறுக்குக்கோட்டைச் சுரங்களின்மேல் இழுக்காமல், குரலுக்கும் குரலுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில் மட்டும் இழுக்கும் வசதியும் அதில் உண்டு.

மென்பொருளின் உதவிகளுள் தலையானது, முதியவரைப் பொறுத்தவரை, அழகன்று, அதன் கண்டிப்புத்தான். ஆவர்த்தனத்தின் முடிவில் ஒரு நேர்கோட்டைத் தட்டிவைத்தால், அங்கே கணக்குச் சரியாக முடிகிறதா என்று அது பார்க்கும்; முடியாவிட்டால் வரி எண்ணோடு எச்சரிக்கும். முதற் பதினெட்டுப் பாடல்கள் எச்சரிக்கையின்றி வந்தன. பத்தொன்பதாம் பாடலின் ஏழாம் வரியில் தடை. ஆதிதாளத்தின் எட்டு அட்சரத்துக்கு அரை அட்சரம் குறைந்தது. பேத்தி தன் தட்டச்சைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தாள், பிழை காணவில்லை. நோட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது, ‘ப’ என்ற எழுத்தின் அருகே பென்சில் அழுந்திய சிறு பள்ளம் மட்டும் தெரிந்தது. மை போய்விட்டது, அழுத்தம் இருந்தது. மழையில் கரைந்தது ஒரு காற்புள்ளி. தந்தையாரின் கணக்கில் பிழை இல்லை என்று அறிந்தபோது அந்த மகனின் கண் கலங்கியது. மரம் சீவிய கையால் எழுதிய கணக்கு அல்லவா?

மோகன ராகத்துப் பாடல்கள் எளிதில் ஏறின. தமிழிசை ஆய்வாளர் பலரால் முல்லைப்பண் என்று கருதப்படும் அந்த ஐந்து சுர ராகம், ஐந்துகோட்டிலும் இடையூறின்றி அமர்ந்தது. “இங்கே எந்த ரிஷபம், தாத்தா?” என்று ஒவ்வொரு முறையும் பேத்தி கேட்பாள். “ராகத்தின் பெயரை மேலே எழுதியிருக்கிறாரே, அம்மா, பிறகு என்ன கேள்வி?” என்பார் அவர். பெயர் ஒன்றைச் சொன்னால் சுரத்தானங்கள் அனைத்தும் விளங்கும் என்பது நம் மரபு. ஒவ்வொரு சுரத்தையும் ஐயத்துக்கு இடமின்றிச் சொல் என்பது மென்பொருளின் மரபு. இரண்டுக்கும் நடுவே அந்தப் பெண் பல இரவுகள் விழித்திருந்தாள்.

உண்மையான பூசல் தோடியில் எழுந்தது. அது முப்பத்தொன்பதாம் பாடல். அதன் முதல் நான்கு வரிகள் மட்டுமே தப்பின. எஞ்சியது ஊதாக் குளம். அதை முழுமையாக அறிந்தவர் உலகில் அந்த முதியவர் ஒருவரே. அவருக்கோ மேல்ஸ்தாயி நிற்காமற் போய் ஆண்டுகள் சில ஆயின. அவர் பாட, பேத்தி ஒலிப்பதிவு செய்துகொண்டு எழுத முயன்றாள். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதன்று. கீழும் மேலும் அகன்று அசையும். எழுத்தில் அது ‘க’ என்ற ஒற்றை எழுத்து. அவள் அதைக் கேட்டபடியே எழுதினாள்: மாகாணியும் அரை மாகாணியுமாகப் பதினொரு சுரங்கள் வந்தன. மென்பொருள் அதை வாசித்துக்காட்டியது.

“இது தோடியன்று, அம்மா. தோடியைத் துண்டு துண்டாக வெட்டி மீன் சந்தையில் பரப்பியது போல் இருக்கிறது” என்றார் முதியவர்.

“நீங்கள் பாடியதைத்தானே எழுதினேன், தாத்தா?”

“நான் பாடியது ஒரு சுரம்.”

அன்று இருவரும் அதன்பிறகு பேசவில்லை. யார் சொன்னது சரி? இருவர் சொன்னதும் சரி என்று நடுவில் நிற்பது எளிது. ஆயினும் இந்த இடத்தில் முதியவரின் பக்கமே நியாயம் மிகுதி. பதினொன்றாகப் பிரித்ததைப் பார்த்துப் பாடும் பிள்ளை, பதினொரு படிகளில் ஏறி இறங்குமே தவிர, ஊஞ்சலில் ஆடாது.

இதே வழக்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது. சென்னையில் சின்னசாமி முதலியார், கர்நாடகக் கீர்த்தனைகளை ஐந்துகோட்டுக் குறியீட்டில் எழுதி 1893-இல் வெளியிட்டார். ஐரோப்பியரும் படித்தறியுமாறு நம் இசையைக் காக்கவேண்டும் என்பது அவர் வேட்கை. அந்த முயற்சியில் பொருளையும் கண்ணொளியையும் இழந்த அப்பெருமகனார், எட்டயபுரத்துக்குச் சென்று, முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதரால் வளர்க்கப்பட்ட சுப்பராம தீட்சிதரிடம், அவர் அறிந்ததையெல்லாம் எழுதித்தருமாறு மன்றாடினார். அதன் பயனாக 1904-இல் எட்டயபுரம் அச்சகத்திலிருந்து சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி வெளிவந்தது. தெலுங்கெழுத்தில் அச்சான அந்தப் பெருநூலில் சுரம் எழுத்தாகவே நின்றது. கமகம் மட்டும் எழுத்தின்மேல் அடையாளமாக ஏறியது. அசைவுக்கு நெளிகோடு, ஏற்ற சாருவுக்கும் இறக்க சாருவுக்கும் சாய்கோடுகள். சென்னை மியூசிக் அகாதெமி அதைத் தமிழெழுத்தில் 1961 முதற்கொண்டு பகுதி பகுதியாக வெளியிட்டது. ஐந்துகோட்டை நம்பித் தொடங்கிய முதலியாரே எழுத்தை நம்பிய தீட்சிதரை நாடிப் போனார் என்பது ஆழ்ந்து எண்ணத்தக்க செய்தி.

மூன்றாம் நாள் காலையில் பேத்தியே பேச்சைத் தொடங்கினாள். பதினொரு சுரங்களையும் அழித்துவிட்டு ஒரே காந்தாரத்தை இட்டு, அதன் தலைமேல் ஒரு நெளிகோட்டை வரையச் செய்திருந்தாள். ஐந்துகோட்டின்கீழ்த் தமிழ்ச்சுர எழுத்து ஒரு வரி. அதன்கீழ்ச் சாகித்தியம் ஒரு வரி. ஐந்துகோடு படிக்கத் தெரியாதவர்க்கும் இரண்டாம் வரி போதும். முதியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “இந்தக் கோடு எப்படி அசையவேண்டும் என்று பிள்ளைக்கு யார் சொல்வது?” என்று கேட்டார். “நீங்கள்தான். ஒலிப்பதிவு இருக்கிறது” என்றாள் அவள்.

ஆனால் ஒலிப்பதிவும் ஒன்றாக இல்லை. கரைந்துபோன ஐந்தாம் வரியை அவர் செவ்வாயன்று ஒருவிதமாகவும் வெள்ளியன்று வேறு விதமாகவும் பாடியிருந்தார். எது தந்தையாருடையது என்று கேட்டதற்கு, இரண்டையும் மாறிமாறி முணுமுணுத்துவிட்டு, “இரண்டும் அவர் குரலில்தான் கேட்கிறது” என்றார். பழைய இசையேடுகளைப் பதிப்பிப்பவர்கள், வேறுபட்ட பாடத்தை முதன்மை வரியின்மேல் சிறிய கோடுகளில் தனியே அச்சிடுவதுண்டு. சங்க நூல்களைப் பதிப்பித்தவர்கள் பாடபேதத்தை அடிக்குறிப்பில் காட்டியதற்கு இது ஒப்பு. செவ்வாய்ப் பாடத்தைக் கீழேயும், வெள்ளிப் பாடத்தைச் சிறியதாக மேலேயும் பேத்தி அமைத்தாள். பாடலின் கடைசி வரியில் இரண்டு அட்சரம் அவருக்கு நினைவுக்கு வரவே இல்லை. ஊகித்து நிரப்பலாமா என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்றார். அந்த இரண்டு அட்சரமும் வெற்றிடமாகவே அச்சாகியிருக்கின்றன.

இதற்கிடையில் மோகனப் பாடல் ஒன்றில் அவள் ஒரு விளையாட்டுச் செய்தாள். 13-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், வேனில் வரவைப் பாடும் புகழ்பெற்ற வட்டப்பாடல் ஒன்று எழுதப்பட்டது. எழுதியது ஒரே வரி. நால்வர் ஒருவர்பின் ஒருவராகத் தொடங்கிப் பாட, அடியில் இருவர் சிறு தொடரொன்றைச் சுழற்றிச் சுழற்றிப் பாடுவர். ஆறு குரல் ஆகிவிடும். அதைப் போலவே, பாட்டனார் பாடலை ஒரே முறை எழுதி, இரண்டாம் குழுவுக்கு எட்டு அட்சரம் மௌனமும் அதன்பின் அதே வரியும் என்று இரண்டே சொற்களில் ஆணையிட்டாள். அடியில் ஒத்துப்போல் சட்சமும் பஞ்சமமும். வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பதினான்கு பேர் அதைப் பாடிப்பார்த்தார்கள். நெருங்கி உரசும் அரைச்சுர இடைவெளி மோகனத்தில் இல்லையாதலால், இரு குரலும் பெரிதாக மோதவில்லை.

முதியவர் பின்வரிசையில் அமர்ந்து கேட்டார். பிள்ளைகள் முடித்தபின், தோட்டத்துப் பஜனையில் தந்தையார் வரியை முடிக்குமுன்பே பின்பாட்டுக்காரர்கள் எடுத்துவிடுவதையும், அந்த இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கோயில் கூரையில் முட்டுவதையும் சொன்னார். பிறகு பேத்தியிடம் திரும்பி, “பஜனைக்குச் சரி. தோடிக்கு வேண்டாம்” என்றார்.

பிப்ரவரியில் மழை குறைந்தது. நாற்பத்து மூன்றில் நாற்பது பாடல்கள் முடிந்திருந்தன. இரண்டு முழுமையாக அழிந்தவை. தோடி மட்டும் குறையோடு நின்றது. அச்சிட்ட தாள்கள் மேசைமேல் இருந்தன. முதியவர் ஒவ்வொன்றாகப் புரட்டி, பத்தொன்பதாம் பாடலின் ஏழாம் வரியில் நின்று, பென்சிலை எடுத்து ‘ப’வின் அருகே ஒரு காற்புள்ளியைச் சற்றே அழுத்தி இட்டார். சுர வரியில் அதைச் சேர்க்கப் பேத்தி மறந்திருந்தாள். அவள் கணினியைத் திறந்து, அந்த வரியைத் தேடி, ஓர் எழுத்தைத் தட்டினாள்.